அலமேலுவின் கட்டைவிரலும் சங்கிலிக் கதவும்

நான் வேலை பார்த்து ஓய்வு பெற்ற பிசியோதெரபி பிரிவிலிருந்து போன மாதம் ஒரு போன் வந்தது. "சார், புது மெஷின் வந்திருக்குது. ஒரு எட்டு வந்து பாத்துட்டுப் போங்க" என்றார்கள். போனேன். கையுறை மாதிரி ஒன்றை நோயாளியின் கையில் மாட்டிவிடுகிறார்கள். விரலை மடக்கினால் எதிரே திரையில் ஒரு வீரன் வில்லை வளைக்கிறான், நீட்டினால் அம்பு பறந்துபோய் ஒரு பூதத்தின் நெற்றியில் பாய்கிறது. எனக்குப் பின்னால் வேலைக்குச் சேர்ந்த பவித்ரா பெருமை தாங்காமல் சொன்னாள்.

"கேம் வெச்சு கைக்கு ட்ரீட்மெண்ட் குடுக்கறது நம்ம ஊர்ல நாமதான் மொதல் சார்."

நாக்கின் நுனிவரை வந்ததை அடக்கிக்கொண்டு ஒன்றே ஒன்று கேட்டேன். "கடைசி வரைக்கும் ஆடிப் பாத்தீங்களாம்மா?"

"அதுக்கெல்லாம் ஏது சார் டைம்? டெமோ பாத்தோம். சூப்பரா இருந்துச்சு."

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. கிழவருக்குப் பொறாமை என்று அவர்கள் நினைத்திருந்தாலும் தப்பில்லை. ஏன் அப்படிக் கேட்டேன் என்று அங்கேயே நின்று விளக்க எனக்குப் பொறுமை போதாது. அதனால் எழுதுகிறேன்.

படித்தது, பயிற்சி எடுத்தது பற்றியெல்லாம் சொல்லப் பெரிதாக ஒன்றுமில்லை. சென்னையில் ஒத்தடத்துக்கான மெழுகுத் தொட்டியும் சூட்டு விளக்குமாகச் சில வருடங்கள் போயின. பிறகு கள்ளக்குறிச்சிக்கு வந்தேன். அப்போது இது தனி மாவட்டம் ஆகவில்லை, எதற்கெடுத்தாலும் விழுப்புரம் ஓடவேண்டும். முழங்கால் வலி, பக்கவாதம், பைக்கிலிருந்து விழுந்தவர்கள் என்று நாள் போகும். கரும்பு வெட்டு ஆரம்பித்துவிட்டால் மட்டும் கைகள் வரும். கத்தி பட்ட கைகள்.

எனக்கு மேலே இருந்தவர் கனகவல்லி மேடம். தினமும் உளுந்தூர்பேட்டையிலிருந்து பஸ்ஸில் வந்து எங்களுக்கு முன்னால் நாற்காலியில் இருப்பார். குரலை உயர்த்தி ஒருநாளும் கேட்டதில்லை. கோபம் வந்தால் இன்னும் மெதுவாகப் பேசுவார். அதற்குத்தான் எங்களுக்கு உதறல். கைப்பையில் ஒரு கோணமானி இருக்கும். விரல் எவ்வளவு மடங்குகிறது என்று அளக்கும் சின்னக் கருவி அது. "பரவால்ல மேடம், நல்லா மடக்கறாங்க" என்று சொன்னால் நிமிர்ந்து பார்க்கவே மாட்டார். "எத்தன டிகிரி?" என்பார். எண்ணைச் சொன்னால்தான் பென்சிலை எடுப்பார். கேஸ் ஷீட்டில் எல்லாமே பென்சில்தான். ஏன் மேடம் என்று ஒருமுறை கேட்டதற்கு, "கை நாளைக்கு மாறும் முருகேசு. பேனா மாறாத விஷயத்துக்கு" என்றார்.

அவரிடம் ஒரு வழக்கம் இருந்தது. எந்தப் பயிற்சியையும் நோயாளிக்குக் கொடுப்பதற்கு முன்னால் கொடுக்கிறவர் தன் கையில் அதைச் செய்துபார்க்க வேண்டும். அதுவும் நோயாளியின் கை அசையாமலிருக்க என்ன பட்டை கட்டியிருக்கிறதோ அதே பட்டையைக் கட்டிக்கொண்டு. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் நாளே என் வலது கையில் பிளாஸ்டிக் பட்டையைக் கட்டி, "ஏழு நாள் கழிச்சு அவுக்கலாம்" என்று அனுப்பிவிட்டார். சட்டைப் பித்தான் போட முடியவில்லை. பல் துலக்க முடியவில்லை. என் மனைவி, "மாப்பிள்ளைக்கு ஊட்டி வுடணுமா?" என்று ஏழு நாளும் என்னை ஓட்டித் தீர்த்தாள். எட்டாம் நாள் மேடம் பட்டையை அவிழ்த்துவிட்டுச் சொன்னது இது.

"நாம செஞ்சு பாக்காதத அவங்களுக்குக் குடுக்கக் கூடாது. பாதி செஞ்சு பாக்கறதும் செய்யாததும் ஒண்ணுதான்."

தலையை ஆட்டினேன். ஆட்டுவதற்கு என்ன கஷ்டம்!

அலமேலு வந்தது அதற்குப் பல வருடங்கள் கழித்து. கல்வராயன் மலையில் வெள்ளிமலைக்கும் மேலே ஒரு சின்ன ஊர். மலையில் சாமையும் மரவள்ளியும் கொஞ்சம் உண்டு, அது வயிற்றுக்குப் போதாது. வெட்டுக் காலத்தில் புருஷனும் பெண்டாட்டியுமாகக் கீழே இறங்கிவிடுவார்கள். கோவிந்தன் வெட்டுவான், அலமேலு சோகை என்கிற காய்ந்த இலையைக் கழித்துக் கட்டு கட்டுவாள். அப்படி ஒரு நாள் சாய்ந்த கரும்பை இழுக்க அவள் கை நீட்டியதை அவன் கவனிக்கவில்லை. கத்தி அவளுடைய வலது கட்டைவிரலின் அடியில் இறங்கிவிட்டது. கட்டிய புருஷன் கையால் பட்ட வெட்டு.

விரலை மடக்குகிற தசைநாண் இரண்டாக அறுந்திருந்தது. ஜனங்கள் அதை நரம்பு என்பார்கள். பெரிய ஆஸ்பத்திரியில் தைத்து, பட்டை போட்டு, எங்களிடம் அனுப்பினார்கள். தைத்த தசைநாண் ஒரு பொல்லாத சங்கதி. அசைக்காவிட்டால் சுற்றியிருக்கும் சதையோடு ஒட்டிக்கொள்ளும், அப்புறம் விரல் கட்டைதான். அவசரப்பட்டு அசைத்தால் தையலில் அறுந்துபோகும். இரண்டுக்கும் நடுவே ஒரு ஒற்றையடிப் பாதை இருக்கிறது. பன்னிரண்டு வாரம் அதில் கூட்டிக்கொண்டு போவதுதான் எங்கள் வேலை.

அலமேலு வாரத்துக்கு இரண்டு தடவை பஸ் பிடித்து வருவாள். கூட மாமியார் ராமாயி. கோவிந்தனும் வருவான். ஆனால் அறைக்குள் வரமாட்டான், வாசலிலேயே நிற்பான். "அவ வெரலு மடங்கற வரைக்கும் நான் கத்தியத் தொடமாட்டன்னு சாமி மேல சத்தியம் பண்ணிக்கினு கீறான் சார்" என்று ராமாயி ஒரு நாள் சொன்னாள். அவன் கத்தியைத் தொடாவிட்டால் அந்த வீட்டில் உலை கொதிக்காது. அவள் விரல் மடங்கினால்தான் அவன் தொடுவான். இத்தனையும் அந்த ஒரு கட்டைவிரலின் நுனியில் வந்து நின்றது.

வீட்டில் அவளை ஒரு வேலையும் செய்ய விடவில்லை. ராமாயியே தலை சீவி, சோறு ஊட்டி, தூங்கும்போது கையைத் தன் மடியில் வைத்துக்கொள்வாளாம். நான் சொல்லிக்கொடுத்த பயிற்சியைச் செய்ய ஆரம்பித்தால், "வாணாம்டி, புட்டுக்கும்" என்று பிடித்துக்கொள்வாளாம். அத்தனை அன்பு. அந்த அன்பில் விரல் ஒட்டிக்கொண்டது. ஐந்தாவது வாரம் மேடம் கோணமானியை வைத்து அளந்தார்.

"மடக்கும்மா."

அலமேலு தன் விரலையே பார்த்தாள். நெற்றியில் வேர்த்தது. விரல் நுனி லேசாக அசைந்ததோடு நின்றது.

"அஞ்சு" என்றார் மேடம். பென்சில் அதை எழுதியது. "இன்னும் ரெண்டு வாரம் இப்படியே போனா இதுதான் கடைசி வரைக்கும்."

மேடம் அடுத்த நோயாளியிடம் போய்விட்டார். என் மேசைமேல் என் மகள் சுதாவின் வீடியோ கேம் கிடந்தது. சிங்கப்பூரிலிருந்து என் மச்சினர் வாங்கிவந்தது, கையில் வைத்து ஆடுகிற சின்னப் பெட்டி. சார்ஜர் கெட்டுவிட்டதால் பஸ் ஸ்டாண்டு பக்கத்துக் கடையில் காட்டுவதற்காகக் கொண்டுவந்திருந்தேன். அதில் ஒரு மாயாஜாலக் கதை. ஒரு வீரன் காடு மலையெல்லாம் நடந்துபோய், ஊர் ஊராகத் தங்கி, எதிர்ப்படும் பூதங்களோடு சண்டை போட்டு, காணாமல்போன ராஜகுமாரனைத் தேடுவான். அலமேலுவின் கண்ணில் தண்ணீர் நின்றதைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. பேச்சை மாற்றுவதற்காகத்தான் அதைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன்.

"இத்த புடி. இந்தப் பட்டன அமுக்கினா கத்தி வீசுவான்."

புதரிலிருந்து ஒரு ஓநாய் பாய்ந்தது. "அய்யோ" என்று அலமேலு பட்டனை அமுக்கினாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவள் விரலைப் பார்த்துக்கொண்டிருந்தேன். நுனி மடங்கியது. கொஞ்சம்தான், ஆனால் மடங்கியது. விரலைப் பார்க்கும்போது மடக்கப் பயந்தவள், ஓநாயைப் பார்த்ததும் பயத்தை மறந்துவிட்டாள்!

எனக்கு அன்றைக்குக் கால் தரையில் பாவவில்லை. அந்த விளையாட்டின் சண்டையில் அவசரம் கிடையாது. வீரன் என்ன செய்யவேண்டும் என்று நாம் சொல்லும்வரை பூதம் பொறுமையாக நிற்கும். கத்தி, கேடயம், மருந்துக் குப்பி என்று படங்கள் இருக்கும், இங்கிலீஷ் தேவையில்லை. பட்டனை அமுக்க எவ்வளவு பலம் வேண்டும் என்று மருந்தகத்துத் தராசில் பெட்டியை வைத்து அமுக்கிப் பார்த்தேன். மூன்று எலுமிச்சம்பழத்தின் எடைதான் வந்தது. ஐந்து வாரத் தையல் அதைத் தாங்கும். ஒரு தாளில் விதியை எழுதினேன். அமுக்கி மூன்று எண்ணு. விட்டு மூன்று எண்ணு. பத்து நிமிடம். ஒரு நாளைக்கு நான்கு வேளை. அதற்கு மேல் கூடாது.

தாளை மேடத்திடம் கொண்டுபோனேன். அவர் பெட்டியைப் புரட்டிப் புரட்டிப் பார்த்தார்.

"கைய மடக்கு, நீட்டுன்னா பத்து தடவையில அலுத்துப்போய் அவங்களே நிறுத்திடுவாங்க. இது நிறுத்துன்னா நிக்குமா?"

"பத்து நிமிஷம்னு கண்டிஷனா சொல்லிடறேன் மேடம்."

"நீ பட்டை கட்டிக்கினு முழுசா ஆடிப் பாத்தியா?"

ஒரே ஒரு சாயங்காலம்தான் ஆடியிருந்தேன். வீரன் முதல் இரண்டு ஊர்களைத் தாண்டியதும் எனக்குத் தூக்கம் வந்துவிட்டது. அதற்கப்புறம் எல்லாம் இதே மாதிரிதானே இருக்கப்போகிறது என்று பெட்டியை மூடிவிட்டேன்.

"பாத்துட்டேன் மேடம்" என்றேன்.

இவ்வளவு வருட வேலையில் நான் சொன்ன பொய்களில் மிகச் சுலபமாக வந்த பொய் அதுதான். மேடம் என்னை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு, "சரி" என்றார். என்னை நம்பினார். அதுதான் இன்றைக்கும் குத்துகிறது.

புதுச் சார்ஜரோடு பெட்டி மலைக்குப் போனது. அடுத்த முறை வந்தபோது விரல் பன்னிரண்டு டிகிரி மடங்கியது. அதற்கடுத்து இருபது. அதற்கடுத்த வெள்ளிக்கிழமை இருபத்தெட்டு. மேடத்தின் பென்சில் மேலே மேலே ஏறிக்கொண்டே போனது. அலமேலு தன் வீரனைப் பற்றி ஓயாமல் பேசினாள். "இப்ப தண்ணி ஊருக்குப் போய்க்கினு கீறான் சார். ஏரி நடுவுல வூடு வூடா கட்டி வெச்சிக்கினு கீறாங்க" என்றாள். ராமாயியே பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கிறாளாம். பூதம் வந்தால் அவள்தான் முதலில் திட்டுகிறாளாம்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் காபி குடித்துக்கொண்டிருந்தேன். சுதா கல்லூரி விடுதியிலிருந்து வந்திருந்தாள்.

"அப்பா, என் கேம் வெச்சிருக்காங்களே ஒரு அக்கா, அவங்க எது வரைக்கும் வந்துட்டாங்க?"

"ஏதோ தண்ணி ஊராம்."

"அய்யய்யோ, அப்ப அடுத்து சங்கிலிக் கதவு! செம கஷ்டம்ப்பா அது. ஒரு சுரங்கத்துக்குள்ள போனதும் பின்னாடி கதவு மூடிக்கும். தண்ணி ஏறிக்கினே வரும். சங்கிலியச் சுத்தி கேட்டத் தூக்கணும். அதுக்குப் பட்டன பேய் மாதிரி அடிக்கணும். நிறுத்தினா சங்கிலி திரும்ப எறங்கிடும், ஆள் மூழ்கிச் செத்துடுவான். எனக்கே ரெண்டு நாள் கட்டவெரல் வலிச்சுது."

காபி டம்ளரைக் கீழே வைத்தேன்.

"வெளிய வந்துட முடியாதா?"

"முடியாது. உள்ள போயிட்டா தொறந்துதான் ஆகணும். செத்தா அதே எடத்துலதான் எழுந்திருப்பான்."

ஏழாவது வாரம். தையல் பிடித்திருக்கும், ஆனால் முழுப் பலம் வந்திருக்காது. கைகள் அறுந்து திரும்பி வருவது பெரும்பாலும் இந்த வாரங்களில்தான். விரல் மடங்க ஆரம்பித்ததும் நோயாளிக்கு ஒரு தெம்பு வந்துவிடும், அந்தத் தெம்பில் ஒரு வேகம் காட்டுவார், டப்பென்று ஒரு சத்தம். தன் வீரன் தண்ணீரில் மூழ்குவதை அலமேலு சும்மா பார்த்துக்கொண்டிருப்பாளா? ஓநாய் பாய்ந்ததற்கே பதறினவள்.

அவள் ஊரில் போன் எடுக்காது. கோவிந்தனின் நம்பருக்கு விடாமல் அடித்தேன். தொடர்பு எல்லைக்கு அப்பால் என்றே வந்தது. சட்டையை மாட்டிக்கொண்டு பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். மேடத்துக்குச் சொல்லவில்லை. சொல்லத் தைரியம் இல்லை.

வெள்ளிமலை பஸ் கச்சிராயபாளையத்தில் டீக்கு நிறுத்தியது. டிரைவர் டீ குடித்த நேரத்தில் நான் ஒரு ஆயிரம் தடவை பட்டனை அடித்திருப்பேன், என் தொடையின் மேல். கோமுகி அணையைத் தாண்டி மலை ஏற ஆரம்பித்ததும் ஒவ்வொரு வளைவிலும் பஸ் மூச்சு வாங்கியது. எதிரே மரவள்ளி ஏற்றிய லாரி வந்தால் நின்று வழி விடவேண்டும். பக்கத்தில் இருந்த பெரியவர், "சாருக்கு மலை ஒத்துக்காதா? மூஞ்செல்லாம் வேர்க்குதே" என்று எலுமிச்சம்பழம் கொடுத்தார். அதைக் கையில் வாங்கியதும் தராசுதான் ஞாபகம் வந்தது. பட்டனின் எடையை அளந்தேனே தவிர, எத்தனை தடவை அமுக்கச் சொல்லும் என்று பார்க்கவில்லை. ஆழம் தெரியாமல் காலை விடாதே என்று சின்னப் பிள்ளைக்குச் சொல்வோம். நான் அடுத்தவளின் விரலை அல்லவா விட்டுவிட்டேன்.

வெள்ளிமலையில் இறங்கி ஒரு ஜீப், அப்புறம் நடை. ஊருக்குள் நுழையும் இடத்திலேயே கோவிந்தன் விறகோடு எதிரே வந்தான். என்னைப் பார்த்ததும் விறகைக் கீழே போட்டுவிட்டான்.

"இன்னா சார், நீங்களே வந்துட்டீங்க?"

"அலமேலு எப்பிடி இருக்கா?"

அவன் முகம் ஒரு மாதிரி ஆனது. "ரெண்டு நாளா அந்தப் பொட்டியப் பாத்து அழுதுக்கினு கெடக்கறா சார். இன்னாடீன்னு கேட்டா சொல்லமாட்டேங்கறா. வெரல காட்டுடீன்னா முந்தானைக்குள்ள மூடிக்கினு ஓடிப்போறா. என்னவோ ஆயிட்ச்சி சார். என் கையால பண்ணதுதானே எல்லாம்."

உன் கையால் இல்லையப்பா, என் வாயால் என்று சொல்ல வாய் வரவில்லை. அவனைத் தாண்டி ஓடினேன்.

வீட்டுக்குப் பின்னால் பலா மரத்தடியில் அலமேலு உட்கார்ந்திருந்தாள். எதிரே சாக்கின் மேல் பெட்டி. வலது கை முந்தானைக்குள். என்னைக் கண்டதும் எழுந்து நின்றாள், கண் சிவந்திருந்தது.

"சார், உங்க ஆள சாவடிச்சிட்டேங்க."

"அது கெடக்குது. விரலக் காட்டு."

"எத்தினி தடவ செத்துட்டான் தெரியுமா? பாவம் சார்."

"விரலக் காட்டுன்றேன்!" என்று கத்திவிட்டேன். ஒரு நோயாளியிடம் நான் கத்தியது அது ஒன்றுதான்.

அவள் எட்டிப் பார்த்தாள். கோவிந்தன் இன்னும் வந்து சேரவில்லை. முந்தானையிலிருந்து கையை எடுத்தாள். வீக்கம் இல்லை. சிவப்பு இல்லை. எனக்கு இன்னும் நம்பிக்கை வரவில்லை. அறுந்த தசைநாண் மேலே ஒன்றும் காட்டாது. மடக்கச் சொன்னால்தான் தெரியும்.

"மடக்கு."

மடக்கினாள். விரல் நுனி, என்னைக் கும்பிடுவது மாதிரி, நிதானமாகக் குனிந்தது. சட்டைப்பையிலிருந்து என் கோணமானியை எடுத்தேன். நம்ப முடியாமல் இரண்டு தடவை அளந்தேன். முப்பத்தைந்து. அப்படியே சாக்கில் உட்கார்ந்துவிட்டேன்.

"இத்த ஏன் உன் வூட்டுக்காரருகிட்ட காட்டல?"

"காட்டினா நாளைக்கே கத்திய தீட்டிக்கினு கெளம்பிடுவாருங்க. அத்தையும் அவருகிட்ட சொல்லல. அவரு போனா நானும் கட்டு கட்டப் போவணும். பன்னண்டு வாரம்னு மேடம் சொல்லிக்கீறாங்க இல்ல?"

"சரி, கதவுகிட்ட எப்ப வந்த?"

"வெள்ளிக்கெழம சாயங்காலம்."

"இன்னா பண்ண?"

அவள் பெட்டியைத் திறந்து காட்டினாள். சுரங்கம். வீரன் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். கீழே தண்ணீர் ஏற ஆரம்பித்தது. அலமேலு பட்டனை அமுக்கினாள். உதட்டுக்குள் ஒண்ணு, ரெண்டு, மூணு என்றாள். விட்டாள். ஒண்ணு, ரெண்டு, மூணு. சங்கிலி ஒரு கண்ணி ஏறும், ஒரு கண்ணி இறங்கும். தண்ணீர் முழங்காலுக்கு வந்தது, மார்புக்கு வந்தது. அவள் எண்ணிக்கை மாறவில்லை. கழுத்துக்கு வந்ததும் கண்ணை இறுக மூடிக்கொண்டாள். ஒரு சோகமான பாட்டு வந்து அடங்கியது. கண்ணைத் திறந்தாள். வீரன் மறுபடியும் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றான். மறுபடியும் அமுக்கி, ஒண்ணு, ரெண்டு, மூணு.

"வேகமா அடிச்சாதான் தொறக்கும்னு உனக்குத் தெரியலையா?"

"தெரியாம இன்னாங்க சார்? பொட்டியில ஒரு வெரலு படம் வந்து வேகமா ஆடி ஆடிக் காட்டுதே. எங்க அத்த கூட, நான் அடிக்கறண்டி, குட்றீன்னு கேட்டுது. பீச்சாங்கையால கூட அடிக்கலாம். அப்ப சோத்தாங்கைக்கு இன்னா வேல? நீங்க மூணு எண்ணச் சொன்னீங்க." பெட்டியை மூடிவைத்துவிட்டுச் சொன்னாள். "அவன் செத்தா மறுபடியும் எழுந்து வரான் சார். என் வெரலு வருமா?"

நான் அழுதேன். வெட்கப்பட்டுக்கொண்டு அதை மறைப்பானேன்? நான் எழுதிக் கொடுத்த விதியை, அவள் இரண்டு நாள், எட்டு வேளை, கண்ணெதிரே ஒருவனைச் சாகவிட்டுக் காப்பாற்றியிருக்கிறாள். எனக்குச் சொல்லப்பட்ட விதியை நான் ஒரு சாயங்காலம்கூட முழுசாகக் காப்பாற்றவில்லை.

பெட்டியை வாங்கிக்கொண்டு, பழைய பயிற்சியையே ஒரு வாரம் செய்யச் சொல்லிவிட்டு, கடைசி பஸ்ஸில் இறங்கினேன்.

திங்கட்கிழமை மேடம் வந்து பையை வைப்பதற்குள் போய் நின்றேன். எல்லாவற்றையும் சொன்னேன். பாதிகூட ஆடவில்லை என்பதையும் பொய் சொன்னதையும் சொன்னேன். அவர் அலமேலுவின் கேஸ் ஷீட்டை எடுத்தார். பைக்குள் கையை விட்டுத் தேடிப் பேனாவை எடுத்தார். அவர் கையில் நான் பேனா பார்த்தது குறைவு. 'கொடுத்தவர் முழுமையாகச் செய்துபார்க்காமல் பயிற்சி கொடுக்கப்பட்டது' என்று எழுதினார். தாளை என் பக்கம் திருப்பிப் பேனாவை நீட்டினார்.

"கையெழுத்து போடு."

போட்டேன்.

"எத்தன டிகிரி?" என்றார்.

"முப்பத்தஞ்சு மேடம்."

பென்சிலை எடுத்து எழுதினார். அவ்வளவுதான். அதற்குப் பிறகு அவர் அதைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. நாலு திட்டு திட்டியிருந்தால் எனக்கு நிம்மதியாக இருந்திருக்கும்.

பன்னிரண்டாவது வாரம் முடிந்து அலமேலு வந்தாள். மேடம் அளந்தார், ஐம்பத்தெட்டு. பிறகு மேசை இழுப்பறையிலிருந்து பெட்டியை எடுத்து அவள் முன்னால் வைத்தார். சார்ஜ் ஏற்றியிருந்தது.

"முழு பலத்தையும் மொதல் தடவ எங்க கண்ணு முன்னாடிதான் போடணும். மூணு எண்ண வாணாம். அடி."

அலமேலு என்னைப் பார்த்தாள். நான் தலையை ஆட்டினேன். பன்னிரண்டு வாரத் தையல் தாங்கும் என்று புத்தகம் சொல்லும். புத்தகத்துக்கு விரலா இருக்கிறது? அவள் அடிக்க ஆரம்பித்தாள். மேடம் குனிந்து அவள் மணிக்கட்டின் மேல் இரண்டு விரலை லேசாக வைத்துக்கொண்டார். உள்ளே தசைநாண் ஓடுவது அங்கே தெரியும், அறுந்தாலும் அங்கேதான் தெரியும். தண்ணீர் மார்புக்கு வந்தது, கழுத்துக்கு வந்தது, சங்கிலி பாதியில் நின்றது. வீரன் மூழ்கினான்.

"நிறுத்து. மடக்கு." மடங்கியது. ஐந்து நிமிடம் ஓய்வு. இரண்டாவது தடவை முக்கால் வரை போய் மூழ்கினான். "மடக்கு." மடங்கியது. மறுபடி ஐந்து நிமிடம். பக்கத்துக் கட்டிலில் முழங்காலுக்குச் சூடு வைத்துக்கொண்டிருந்தவர் எழுந்து வந்து எட்டிப் பார்த்தார். மூன்றாவது தடவை அலமேலு பல்லைக் கடித்துக்கொண்டு அடித்தாள். இந்தத் தடவை கண்ணை மூடவில்லை. தண்ணீர் வீரனின் உதட்டைத் தொட்டபோது கடகடவென்று சத்தம் வந்து கதவு மேலே ஏறியது. ராமாயி, "போடா என் ராசா!" என்று கை தட்டினாள்.

"மடக்கு" என்றார் மேடம். ஐம்பத்தெட்டு அப்படியே இருந்தது.

மேடம் வாசல் பக்கம் திரும்பினார். "கோவிந்தன், உள்ள வாங்க." பன்னிரண்டு வாரத்தில் முதல் தடவையாக அவன் அறைக்குள் வந்தான். அவன் உள்ளங்கையை வாங்கி அலமேலுவின் கையில் வைத்தார். "கட்டவெரலால எவ்ளோ முடியுமோ அவ்ளோ அமுக்கும்மா." அவள் அமுக்கினாள். நகம் வெளுத்தது.

"வலிக்குதுங்க மேடம்" என்றான் கோவிந்தன். வலிக்கிறது என்று சொல்லிக்கொண்டு அப்படிச் சிரித்த ஆளை நான் பார்த்ததில்லை. கண்ணிலிருந்து தண்ணீர் அது பாட்டுக்கு ஓடியது, கையை இழுத்துக்கொள்ளவே இல்லை.

"சார், உங்க ஆளக் காப்பாத்திட்டேங்க" என்றாள் அலமேலு.

மேடம் மூக்குக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு திரையை எட்டிப் பார்த்தார். "கதவுக்கு அந்தப் பக்கம் இன்னா இருக்குது?"

அலமேலு வீரனை இரண்டடி நடத்திப் பார்த்தாள். "இன்னொரு கதவுங்க மேடம்."

கனகவல்லி மேடம் பெட்டியை அவள் கையிலிருந்து வாங்கி என் கையில் வைத்தார். அலமாரியிலிருந்து கட்டைவிரல் பட்டை ஒன்றை எடுத்து அதன் மேல் வைத்தார்.

"இந்தத் தடவ நீ ஆடி முடிச்சிட்டுக் குடு முருகேசு" என்றார், மிக மெதுவாக.

பட்டையைக் கட்டிக்கொண்டு, கதையின் முதலிலிருந்து ஆடினேன். சங்கிலிக் கதவில் என் ஆள் பதினோரு தடவை செத்தான். ராஜகுமாரனைக் கண்டுபிடித்து முடிக்க எனக்கு இருபத்திரண்டு நாள் ஆயிற்று. இருபத்து மூன்றாம் நாள் பெட்டியை அலமேலுவிடம் கொடுத்தேன்.